தானே திறக்கும் கதவும் எலியேசரும்

மைசூர் ஒண்டிகொப்பலில் நஞ்சுண்டசாமி வீட்டு கார் ஷெட்டுக்குத் தானாகத் திறக்கும் கதவு ஒன்று இருந்தது. அது தானாகத் திறப்பதற்காக மாதச் சம்பளத்தில் ஓர் ஆளும் இருந்தார். இதில் உள்ள வேடிக்கை அந்த வீட்டில் ஒருவருக்கும் பட்டதில்லை. சம்பளம் வாங்கிய எலியேசருக்கு மட்டும் பட்டது. அவர் அதை வெளியே சொல்லவில்லை.

நஞ்சுண்டசாமி கொள்ளேகாலத்துப் பக்கமிருந்து வந்து மரக் கான்ட்ராக்டில் முன்னுக்கு வந்தவர். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசிக்கிற ஆள் இல்லை. 1928இல் கார் வாங்கிய கையோடு, சீமையிலிருந்து கப்பலில் அந்தக் கதவையும் மோட்டாரையும் வரவழைத்தார். ஷெட்டு வாசலில் ஒரு தூண், அதில் பித்தளைச் சாவித்துளை. சாவியைத் திருப்பினால் உள்ளே மோட்டார் சுற்றும், சங்கிலி இழுக்கும், கதவு பலகை பலகையாக மடங்கி மேலே ஏறிக் கூரைக்கடியில் படுத்துக்கொள்ளும். முதல் ஆறு மாதம் மண்டி மொஹல்லாவிலிருந்துகூட ஆட்கள் நடந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஏழாவது மாதம் கதவு பாதியில் நின்றது. செய்த கம்பெனிக்குக் கடிதம் போட்டதில், கம்பெனியே இப்போது இல்லை என்று பதில் வந்தது.

எலியேசர் அப்போது மண்டி மொஹல்லாவில் ஓர் அரிசி மில்லில் ஃபிட்டர். ஒரு நாள் வேலை என்று கூப்பிட்டார்கள். பத்து வருஷம் ஆகிவிட்டது. ஷெட்டுக்குப் பின்னால் இருந்த இரண்டு அறைகளில் மனைவி டோரதியோடு குடியிருந்தார். மகள் ஜேனை அந்த அறைகளில் வளர்த்துத்தான் கோலாருக்குக் கட்டிக்கொடுத்தார்.

கதவு மக்கர் செய்தால் மற்றவர்கள் முதலில் மோட்டாரைத் திட்டுவார்கள். எலியேசர் அப்படிச் செய்ய மாட்டார். மெயின் சுவிட்சை அணைப்பார். சங்கிலியையும் கதவையும் சேர்க்கிற ஊசியைக் கழற்றிவிட்டு, கதவைக் கையால் இடுப்பு உயரம் தூக்கி விட்டுவிடுவார். அங்கேயே நின்றால் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது, கோளாறு மோட்டார் பக்கம். கீழே சரிந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது, பாவம் மோட்டாரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. “யாருக்குக் காய்ச்சல்னு தெரியாம யாருக்கு மருந்து கொடுக்கிறது?” என்பார். வாரம் ஒருமுறை தண்டவாளத்தைத் துடைத்து லேசாக கிரீஸ் தடவுவார். சங்கிலியில் தொய்வு இரண்டு விரல் அகலத்துக்கு மேல் போக விடமாட்டார். தேய்ந்துபோன பல்சக்கரத்துக்கு மாற்றுக் கிடைக்காமல், பழைய நெசவு மில் இயந்திரம் ஒன்றின் சக்கரத்தை அரத்தால் ராவி ராவிப் பொருத்தியிருந்தார். அது அசலைவிடச் சத்தம் குறைவாக ஓடியது. அவருக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

இத்தனை செய்தும் அந்தக் கதவு வருஷத்தில் ஒரு நாள் தவறாமல் சண்டித்தனம் செய்தது. அந்த நாள் விஜயதசமி.

காரணம் முந்தின நாள் ஆயுத பூஜை. ஷெட்டுச் சுவரில் ஆள் முகத்துக்கு நேராக ஒரு சின்னப் பெட்டி உண்டு. சாவியைத் திருப்பியதும் அதற்குள் இரண்டு செப்புத் தகடுகள் எதிரே உள்ள தகடுகளைப் போய்த் தொடும். தொட்டால்தான் மோட்டாருக்கு மின்சாரம் போகும். பெட்டியின் மூடி கப்பலில் வரும்போதே உடைந்துபோயிற்று. எலியேசர் பிஸ்கட் டின்னை வெட்டி ஒரு மூடி செய்தார். ஆனால் பூசாரி சித்தையன் முதல் வருஷமே அந்த மூடியைக் கழற்றி வைத்துவிட்டார். பளபளவென்று அடுத்தடுத்து இரண்டு செப்பு. பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது, அவைதாம் மிஷினுடைய கண்கள் என்று. ஆயுத பூஜையன்று மிஷினின் கண்ணை மறைக்கலாமா? ஆளுக்கொரு பொட்டாகச் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்தார். மறுநாள் சந்தனம் காய்ந்தது. கதவு திறக்கவில்லை.

பூஜை போதவில்லை என்று வீட்டம்மா கௌரம்மா முடிவு செய்தாள். அடுத்த வருஷம் பொட்டு பெரிதாயிற்று. அப்போதும் திறக்கவில்லை. மூன்றாம் வருஷம் சந்தனத்தில் நெய் சேர்த்தார்கள். இப்படியே வளர்ந்து, 1937 வாக்கில் அந்தத் தகடுகள்மேல் அக்கி ரொட்டி கனத்துக்குச் சந்தனம் ஏறியிருந்தது. பூஜைக்கு முன்னால் எலியேசர் மறக்காமல் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு விலகிக்கொள்வார். பத்து வருஷமும் சித்தையன் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்தது அந்தப் புண்ணியத்தில்தான்.

ஒரே ஒரு முறை, நான்காம் வருஷம், சந்தனத்தைக் கொஞ்சம் தள்ளி இரும்பில் பூசலாமே என்று எலியேசர் வாயைக் கொடுத்தார். கௌரம்மா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. வேதக்காரர் இப்படித்தான் சொல்வார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை, வைத்துக்கொண்ட நம்மைச் சொல்ல வேண்டும் என்று சமையலறையிலிருந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். அதோடு எலியேசர் வாயை மூடிக்கொண்டார். உண்மையைச் சொன்னால், மூடிக்கொண்டதில் லாபமும் இருந்தது. விஜயதசமி காலையில் எல்லாரும் கையைப் பிசையும்போது, அவர் மண்ணெண்ணெய்த் துணியோடு பின்பக்கச் சின்னக் கதவு வழியே ஷெட்டுக்குள் போய்ச் சாத்திக்கொள்வார். கால் மணியில் மோட்டார் ஓடும். கைராசிக்காரர் என்று பெயர். வேட்டியும் ஒரு தட்டு மைசூர்பாகும் வீடு தேடி வரும்.

போன வருஷம் நெய் தகடுகளின் இடுக்கெல்லாம் இறங்கிக் கெட்டித்துப்போய், கால் மணி ஒன்றரை மணியாகியும் மோட்டார் முனகக்கூட இல்லை. நஞ்சுண்டசாமிக்கு அரண்மனையில் ஊர்வலம் பார்க்க அனுமதிச் சீட்டு. கூடவே பெங்களூரிலிருந்து வந்த சம்பந்தி. கடைசியில் டிரைவர் கெம்பையனும் தோட்டக்காரரும் எலியேசரும் சேர்ந்து கதவைக் கையால் தூக்கிப் பிடிக்க, கார் அதன் கீழே குனிந்துபோவதுபோலப் போயிற்று. எங்கள் வீட்டுக் கதவை ஒரே ஆள் திறந்துவிடுவான் என்றாராம் சம்பந்தி. அந்தச் சொல் நஞ்சுண்டசாமிக்கு வருஷம் முழுக்க ஜீரணமாகவில்லை.

இந்த வருஷமும் சம்பந்தி வந்திருந்தார். பூஜைக்கு முந்தின நாள் நஞ்சுண்டசாமி எலியேசரைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இந்தத் தசராவுக்கும் கதவு மானத்தை வாங்கிப்போட்டுதுன்னா, நீ வேற எடம் பாத்துக்க எலியேசரு. சொல்லிப்போட்டேன்.”

வேலை மட்டும் போவதானால் எலியேசர் எப்படியோ தேற்றிக்கொண்டிருப்பார். வேலையோடு அறைகளும் போகும். ஜேனுக்கு ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு எப்போது வரட்டும் என்று எழுதியிருந்தாள். டோரதி பதில் போடக் கார்டு வாங்கி வைத்துக்கொண்டு, இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வீடே இல்லாமல் மகளை எங்கே வரச் சொல்வது?

ஆயுத பூஜை நடந்தது. இரட்டைப் பூசணி, ஒன்பது எலுமிச்சை, வாழைக்கன்று, கார் மூக்கில் செண்டுமல்லி மாலை. சித்தையன் இந்த முறை சந்தனத்தை விரலால் எடுக்கவில்லை, உள்ளங்கையால் எடுத்தார். மறுநாள் புனர்பூஜை ஆகும்வரை ஆயுதத்தை யாரும் தொடக்கூடாது, தொட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டார் எல்லாரும் அரண்மனை தீபாலங்காரம் பார்க்க ஜட்கா வைத்துக்கொண்டு போனார்கள். கார் பூஜையில் இருந்ததே. எலியேசர் ஷெட்டுக்குள் நுழைந்தார். திருட்டு வேலை அவருக்குப் பழக்கமில்லை. ஆண்டவரே, நான் தொடுவது அவர்கள் சாமியை அல்ல, செப்பை மட்டுந்தான் என்று முணுமுணுத்துக்கொண்டார். சந்தனத்தை வழித்தார். மண்ணெண்ணெயால் துடைத்தார். மெல்லிய உப்புத்தாளால் தகடுகள் கண்ணாடியாகும்வரை தேய்த்தார். பிறகு யோசித்து, வழித்த சந்தனத்தையே தகடுகளுக்கு அரை அங்குலம் தள்ளி இரும்புமேல் இரண்டு பொட்டாக அப்பி, குங்குமமும் வைத்தார். பார்க்க அச்சு அசலாக இருந்தது. தகடுகள் காலையில் ஒழுங்காகத் தொடுமா என்று ஒருமுறை ஓட்டிப் பார்க்க ஆசை. சத்தம் கேட்குமே என்று அடக்கிக்கொண்டார்.

விஜயதசமி காலையில் சித்தையன் புனர்பூஜை முடித்ததும் எலியேசர் மெயின் சுவிட்சைப் போட்டார், நஞ்சுண்டசாமியே சாவியை எடுத்துக்கொண்டு தூணருகே போனார். சம்பந்தி கைகட்டி நின்றார். அவர் உதட்டோரத்தில் போன வருஷத்துச் சிரிப்பு தயாராக இருந்தது. எலியேசர் கண்ணை மூடிக்கொண்டார்.

சாவி திரும்பியது. தகடுகள் டக்கென்று தொட்டன. மோட்டார் உறுமியது. கதவு ஓர் இழுப்பில், தடங்கலே இல்லாமல், மேலே போய்ப் படுத்துக்கொண்டது. பத்து விஜயதசமிகளில் முதல் முறை. கௌரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சம்பந்தி, பரவாயில்லையே என்றார். எலியேசருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை யாரும் பார்க்கவில்லை, எல்லாரும் சித்தையன் காலில் விழுந்துகொண்டிருந்தார்கள்.

ஊர்வலம் பார்த்துவிட்டுச் சாயங்காலம் எல்லாரும் திரும்பி வந்தார்கள். கார் ஷெட்டுக்குள் போயிற்று, கதவு இறங்கியது. ஆரத்திக்காக எலியேசர் மெயின் சுவிட்சை அணைத்தார். நஞ்சுண்டசாமி அவரை அருகில் கூப்பிட்டுத் தோளில் ஒரு சால்வையைப் போர்த்தினார். எலியேசர் புளகாங்கிதம் அடைந்து நிற்கும்போதே அவர் சொன்னார்:

“பாத்தியா எலியேசரு, பூசாரி இந்த வருசம் கை நெறைய வெச்சாரு, மிசினு கொழந்தையாட்டம் ஆயிப்போச்சு. இனி மாசாமாசம் அவரே வந்து ஒரு பூசை போட்டாப் போதும்ங்கறாரு. உனக்கும் வயசாவுது. தீபாவளி கழிச்சு ரூமைக் காலி பண்ணிக் குடுத்துட்டு, நிம்மதியா இரு.”

குரலில் கோபம் துளியும் இல்லை. அதுதான் எலியேசரைக் கொன்றது. கதவு திறக்காவிட்டால் வீடு போகும் என்று பயந்தார், திறந்ததால் போயிற்று. நான்தான் துடைத்தேன் என்று சொன்னால் பூஜையில் கை வைத்த பாவி. சொல்லாவிட்டால் வேலையில்லாத கிழவன். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல், “ஆகட்டும் எஜமானரே” என்றார்.

அப்போது கௌரம்மாவுக்குத் திடீரென்று மனம் இளகியது. என்ன இருந்தாலும் பத்து வருஷம் அந்த மிஷினைப் பார்த்த கை. வேதக்காரரானால் என்ன, போகிற மனிதர் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போகட்டும் என்றாள். சித்தையனும் பெரிய மனசு பண்ணிச் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். பாதிரியார் காதுக்கு எட்டினால் என்ன ஆகும் என்பது எலியேசருக்குத் தெரியும். மறுப்பதற்கு வாயைத் திறந்தார். பெட்டியைப் பார்த்தார். நேற்று அவர் தேய்த்த செப்பு விளக்கொளியில் மின்னிக்கொண்டிருந்தது.

வாயை மூடிக்கொண்டு கிண்ணத்தை வாங்கினார். இரும்பில் இருந்த பொட்டுகளை அப்படியே விட்டார். நான்கு விரலாலும் சந்தனத்தை அள்ளி, ஒரு தகட்டுக்குப் பிறகு மற்றொரு தகட்டில், இடுக்குகள் அடையும்படி நிதானமாக அப்பினார். கொஞ்சம் நெய்யும் கேட்டு வாங்கி ஊற்றினார். தன் கையால் தன் வேலையைக் கெடுப்பது வெட்கமாக இருந்தது. ஆனாலும் ஒரு மூலைகூட விடாமல் பூசினார். இப்படி ஒரு பக்தியை இந்த வீட்டாரிடமே பார்த்ததில்லை என்று சித்தையன் நெகிழ்ந்துபோனார்.

அறைக்குத் திரும்பியபோது டோரதி அவர் கையைப் பார்த்துத் திடுக்கிட்டு, என்ன இது சந்தனம் என்று கேட்டாள்.

எலியேசர் சால்வையை எடுத்து ஆணியில் மாட்டி, மண்ணெண்ணெய்த் துணியைக் கைக்கெட்டும் இடத்தில் எடுத்து வைத்தார். எஜமானர் காலையில் ஏழு மணிக்கு சம்பந்தியை ரயிலேற்றக் காரை எடுப்பார்.

“ஜேனுக்குக் கார்டு எழுது,” என்றார். “அடுத்த வாரமே வரச் சொல்லு.”