தங்கை நடத்திய மீன் பரீட்சை

போன வாரம் ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் எனக்கு ஒரு மரியாதை நடந்தது.

மலைப்பாதையில் பஸ் முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே என் முகத்தை உற்று உற்றுப் பார்த்தார். எனக்குள் சின்னதாக ஒரு கர்வம். பின்னே? வாரா வாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தின் தலையில் என் போட்டோ வருகிறதே... நம் வாசகர் போலிருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். தலையைக்கூடக் கோதிக்கொண்டேன்.

"சார்... உங்கள எங்கியோ பாத்தமாதிரியே கீதே?"

"இருக்கலாம், இருக்கலாம்" என்றேன் அடக்கமாக.

"ஆங்! கெமிஸ்ட்டம்மா அண்ணன்தானே நீங்க? அதே மூக்கு!"

அவ்வளவுதான். செய்தி டிரைவர் வரைக்கும் போனது. யாரோ எழுந்து ஜன்னல் சீட்டைக் கொடுத்தார்கள். இன்னொருவர் மடியிலிருந்த பலாச்சுளையை நீட்டினார். இத்தனை வருஷம் எழுதிச் சம்பாதிக்காத மரியாதையை மூக்கு சம்பாதித்துக் கொடுத்துவிட்டது!

அந்தக் கெமிஸ்ட்டம்மா என் தங்கை. அவளைப் பற்றி இந்தப் பக்கத்தில் நான் எழுதியதே இல்லை. சொந்தத் தங்கையைப் புகழ்ந்தால் நீங்கள் சிரிப்பீர்களோ என்று ஒரு கூச்சம். பலாச்சுளை தின்றபிறகு கூச்சம் போய்விட்டது. சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கண்ணமங்கலத்துக்குப் பக்கத்தில். விவசாயக் குடும்பம். தங்கை வேலூரில் படித்து, கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்ஸி. முடித்தாள். மெட்ராஸில் வேலை கிடைக்கும், அண்ணன் வீட்டில் தங்கிக்கொள்வாள் என்று நாங்கள் கணக்குப் போட்டோம். அவளோ ஜவ்வாது மலைமேல் இருந்த ஒரு சின்னத் தொழிற்சாலையில் சேர்ந்துவிட்டாள்.

என்ன தொழிற்சாலை? மருந்துக்கான மூலப்பொருள் தயாரிக்கிற இடம். மாத்திரை இங்கே உருளாது. மாத்திரைக்குள் இருக்கிற சரக்கு மட்டும் இங்கே தயாராகி வெளியூர்க் கம்பெனிகளுக்குப் போகும். மஞ்சளும் சிவப்புமாகத் தீ எரிகிற மாதிரி பூக்குமே, கார்த்திகைப் பூ... அந்தக் கொடியின் விதைதான் கச்சாப்பொருள். செடி பூராவும் விஷம். கிழங்கைத் தின்றால் ஆள் காலி. அதே செடியின் விதையிலிருந்து அளவோடு பிரித்தெடுத்தால் மூட்டு வீக்கத்துக்கு மருந்து. மலைஜனங்கள் காட்டில் விதை பொறுக்கிக் கொண்டுவந்து தருவார்கள். தங்கை அதைச் சோதித்துத் தரம் பார்ப்பாள்.

அவளுக்கு அந்த வேலைமேல் அப்படி ஒரு பிரியம். லீவில் வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சுதான். "காலை ஊன முடியாதவங்க எழுந்து நடப்பாங்கண்ணா... அந்த மருந்து நம்ம மலையிலேர்ந்து போவுது!"

சில வருஷங்களுக்கு முன்னால் முதலாளி தொழிற்சாலையை மூன்று மடங்கு பெரிதாக்க முடிவு செய்தார். அவர் மெட்ராஸ்காரர். சுறுசுறுப்பானவர், முன்கோபி, ஆனால் சம்பளத்தில் கை வைக்காதவர். எந்த மெஷின், எவ்வளவு விதை, எவ்வளவு தண்ணீர் என்று திட்டம் போட்டதே என் தங்கைதான். வேலை முடிந்தால் அவள்தான் சீஃப் கெமிஸ்ட். அம்மாவிடம் சொல்லி, அம்மா தெருவெல்லாம் சொல்லியாகிவிட்டது.

திட்டத்தில் ஒரு குழாய் மட்டும் அவளுடையதல்ல.

விதையிலிருந்து சரக்கைப் பிரித்த பிறகு கறுப்பாக ஒரு கழிவுநீர் மிஞ்சும். அதுவரைக்கும் குழி வெட்டி, அதில் விட்டு, வெயிலில் காயவிட்டார்கள். கொஞ்சம்தானே, சமாளித்தது. மூன்று மடங்கானால் குழி தாங்காது. அதனால் பக்கத்து ஓடைக்கு ஒரு குழாய் போட்டுவிடலாம் என்று முதலாளியின் இன்ஜினியர் கோடு இழுத்திருந்தார்.

அந்த ஓடை எங்கே போகிறது? தொழிற்சாலையைத் தாண்டினால் ஒரு மலைக்குடியிருப்பு. அங்கே குடிக்க, குளிக்க, மாடு கழுவ எல்லாம் அதுதான். அப்புறம் பாறை பாறையாக இறங்கி, செங்கம் பக்கத்தில் ஒரு ஏரிக்குப் போய்ச் சேர்கிறது.

தங்கை போய்ச் சொன்னாள். முதலாளி சிரித்தார். "மழைக்காலத்துல ஓடை போற வேகத்தைப் பார்த்திருக்கியாம்மா? யானையையே அடிச்சிட்டுப் போகும்!"

"சித்திரையில பாத்திருக்கீங்களா சார்? கயிறு மாதிரி ஓடும்."

"அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று ஃபைலை மூடிவிட்டார்.

அவள் வெளியே வந்தாள். டீக்கடைக்குப் போய்ப் பிஸ்கட் போட்டு வைக்கிற கண்ணாடிப் பாட்டில்கள் மூன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். ஒன்றில் வெறும் ஓடைத் தண்ணீர். இரண்டாவதில் குழியிலிருந்து கசிகிற அளவுக்கு ஒரு துளிக் கழிவு. மூன்றாவதில், தொழிற்சாலை பெரிதானால் கோடையில் ஓடையில் எவ்வளவு கலக்குமோ அந்த விகிதம். மூன்றிலும் ஓடையில் பிடித்த கெண்டைக் குஞ்சுகள்.

முதல் இரண்டு பாட்டிலிலும் மீன்கள் நீந்தின. மூன்றாவதில் மறுநாள் காலையில் எல்லாம் மல்லாந்து கிடந்தன. தன் கையே தப்புப் பண்ணியிருக்குமோ என்று திரும்பப் போட்டாள். திரும்பவும் அதேதான்.

முதலாளியிடம் காட்டினாள். "பாட்டில் வேற, ஓடை வேறம்மா" என்றார்.

அடுத்த வாரம் சந்தை நாளில் ஜமுனாமரத்தூரில் கூட்டம். ஊர்ஜனம் ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வருகிறார். முதலாளி தங்கையைக் கூப்பிட்டார். "நான் பேசினா மெட்ராஸ்காரன் பேசறான்னுவாங்க. உன்னை ஜனங்க நம்பறாங்க. தண்ணிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீ சொல்லிடு."

யோசித்துப் பாருங்கள்... பொய் சொல்வதற்கே நம்பிக்கையானவர்களைத்தான் தேடுகிறார்கள்!

நானும் அன்று போயிருந்தேன். தங்கை மேடை ஏறப்போகிறாள் என்று ஆசையாகத்தான் போனேன். அவள் ஒயர்கூடையோடு வந்தாள். கூடைக்குள் மூன்று பாட்டில்கள், துணி சுற்றி. நான் அவளை ஓரமாக இழுத்தேன்.

"இன்னா பண்ணப்போறே?"

"கேட்டாங்கண்ணா. சொல்லப்போறேன்."

புளி மூட்டை, சாமை மூட்டையெல்லாம் இறக்கிவைத்துவிட்டு ஜனம் கூடியிருந்தது. மேடையில் முதலாளி, அதிகாரி. தங்கை பாட்டில்களை மேஜைமேல் வரிசையாக வைத்தாள். மைக்கைப் பிடித்தாள்.

"நான் இந்த ஃபேக்டரிக்கு விரோதி இல்லீங்க. இது பெரிசானா எனக்குத்தான் மொதல்ல பதவி. ஆனா கழிவை ஓடையில வுட்டா கோடையில இதான் நடக்கும்" என்று மூன்றாவது பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள்.

வெள்ளை வயிறுகள் மிதந்தன.

முதலாளி முகம் சிவந்துவிட்டது. "என்னம்மா இது!" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. அது மைக்கில் நன்றாகவே கேட்டது.

கைதட்டல் கிளம்பும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. முனுசாமி என்ற வாலிபன் கூட்டத்திலிருந்து எழுந்தான். புதுசாக ஆள் எடுக்கும்போது வேலை தருவதாக அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"மீனுக்காவ எங்க வேலைய கெடுக்கிறீங்களே, இன்னா ஞாயம் இது?"

"மீனு மட்டும் இல்லீங்க. உங்க மாடு குடிக்கிற தண்ணியும் அதானே?"

"மாடு இருந்தா நான் இன்னாத்துக்கு வேலைக்கு நிக்கிறேன்?"

அவளுக்குப் பதில் வரவில்லை. எனக்கும் இன்றுவரை வரவில்லை.

கூட்டம் இரண்டாகிவிட்டது. ஆளாளுக்குக் கத்தினார்கள். அப்போது முன்வரிசையில் இருந்து பொன்னியம்மா எழுந்தாள். ஓடைக்கரைக் குடியிருப்புக்காரி. தொழிற்சாலைக்கு அதிகமாக விதை பொறுக்கித் தருகிறவள். மேடைக்கே வந்து, மூன்றாவது பாட்டிலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"நாங்களும் காரக்கா அரைச்சி ஊத்தி மீனு புடிக்கிறவங்கதான் சாமி. மீனு மயங்கி மேல வரும். ஆனா ஒரு மடுவுலதான் ஊத்துவோம். ஓடை பூரா ஊத்தமாட்டோம். நீங்க ஓடை பூரா ஊத்தறேன்றீங்களே?"

முதலாளி வாயைத் திறந்தார். அவள் விடவில்லை.

"ஃபேக்டரி வேணும். எங்களுக்கும் பொழப்பு அதான். ஆனா இந்தக் கொழா வந்தா, எங்க குடியிருப்புல ஒருத்தியும் வெதை பொறுக்கமாட்டா."

அந்த விதை அவர்களுடைய சோறு. அதைத்தான் தட்டோடு தள்ளிவைக்கிறேன் என்றாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குழாய்க்கு மாற்றுவழி காட்டாமல் அனுமதி இல்லை என்று சொல்லிக் கூட்டத்தை முடித்தார்.

முதலாளி என் தங்கையிடம் ஒரே வார்த்தைதான் பேசினார். "நீ கொஞ்ச நாள் லீவுல இரு."

லீவு என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். கண்ணமங்கலம் வந்து சேர்ந்தோம். அம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏண்டி, மீனு செத்தா கொழம்பு வெக்கறத வுட்டுட்டு, மைக்குல இன்னாத்துக்குடி சொன்னே?"

சிரிப்பு வந்தது. தங்கையும் சிரித்தாள். அப்புறம் சமையலறைக்குப் போய் அழுதாள். பதவி போனதற்கா என்று கேட்டேன். "இல்லண்ணா. அந்த முனுசாமி கேட்டதுக்குப் பதில் சொல்லத் தெரியலியே" என்றாள்.

ஒரு மாதம் போயிருக்கும், நான் மறுபடி ஊருக்குப் போயிருந்தேன். வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. முதலாளி! அம்மா அவசரமாக நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்:

"நானே போட்டுப் பார்த்தேன்மா. மெட்ராஸ்ல, என் ஆபீஸ் மேஜை மேலேயே. நீ ஏதோ தப்பாக் கலந்திருப்பேன்னு காட்டறதுக்காகத்தான் போட்டேன்..." கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "செத்துப்போச்சு."

அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சொல்லு. என்ன பண்ணலாம்?"

அவள் தயாராகத்தான் இருந்தாள்! கழிவைக் காய்ச்சிச் சுண்டவைத்துப் பாதிக்குமேல் குறைக்க வேண்டும். மிச்சத்துக்குச் சுண்ணாம்புத் தொட்டி, அப்புறம் மணலும் கரியும் போட்ட வடிகட்டித் தொட்டி. கடைசித் தொட்டியில் ஓடை மீன்கள். அவை உயிரோடு நீந்தினால்தான் ஒரு சொட்டு வெளியே போகலாம். மூன்று மடங்கு வேண்டாம், இரண்டு போதும். ஓடை கயிறாகிற மாதங்களில் மெஷினை நிறுத்திவிட வேண்டும்.

"நிறுத்தணுமா!" என்று அலறினார் முதலாளி. ஓடை தலைகீழாகப் போனாலும் அது முடியாது என்றார். இவள் அசையவில்லை. அம்மா நடுவில் மோர் கொண்டுவந்து வைத்தாள். மோர் முடிவதற்குள் மனுஷர் இறங்கி வந்துவிட்டார்.

சொன்னதைச் செய்தார், அவளையும் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொண்டார், அதையும் சொல்ல வேண்டும். தொட்டிகள் எழும்ப வருஷத்துக்குமேல் ஆயிற்று. அதற்குள் முனுசாமி காத்திருந்து அலுத்துப்போய் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டான். தொழிற்சாலையில் வேலை வந்தபோது தங்கை ஆள் அனுப்பினாள். அவன் வரவில்லை. சந்தையில் அவனுடைய அம்மா இவளைக் கண்டால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அதை யாரிடமும் மறைப்பதில்லை என் தங்கை. "எல்லாருக்கும் நல்லது பண்ணேன்னு எழுதிடாதண்ணா" என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். எழுதவில்லை.

பெரிதாக்கிய தொழிற்சாலைக்குப் போன வருஷம் திறப்புவிழா. மாலை, மேளம், பந்தல். முதலாளி மைக் பிடித்து, "ஓடையைக் காப்பது எங்கள் கொள்கை" என்று முழங்கினார். மேடையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். வாசலில் பளபளவென்று ஒரு கல்வெட்டு. திறந்துவைத்தவர் பெயர், முதலாளி பெயர், இன்ஜினியர் பெயர், தொட்டி கட்டிய கான்ட்ராக்டர் பெயர்கூட இருந்தது. மேலிருந்து கீழ்வரை படித்தேன். கீழிருந்து மேலும் படித்தேன். ம்ஹும்.

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. அவளைத் தேடிப் போனேன். சீஃப் கெமிஸ்ட் அம்மாள் பந்தலிலேயே இல்லை. பட்டுப்புடவையைச் சொருகிக்கொண்டு கடைசித் தொட்டியின் விளிம்பில் குனிந்து நின்றிருந்தாள். பக்கத்தில் பொன்னியம்மா.

"உன் பேரு கல்லுல இல்ல, பார்த்தியா?"

அவள் காதில் அது ஏறவே இல்லை. என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணா, இங்க பாரு... குஞ்சு வுட்டிருக்கு!"

எட்டிப் பார்த்தேன். தொட்டி ஓரத்துப் பாசியை ஒட்டி, ஊசிமுனை ஊசிமுனையாக ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. பொன்னியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பேறுகாலம் பார்த்தவள் மாதிரி சிரித்தாள்.

கல்லில் இடம் போதவில்லை போலிருக்கிறது. இந்தப் பக்கத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறது... அவள் பெயர் குணசுந்தரி.