மஞ்சள் மிதவையில் கட்டிய கயிறு

வேலையில் சேர்ந்த முதல் நாளே படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தியெடுத்தேன். சுக்கானில் நின்றவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பட்டம் வாங்குன வயிறுன்னு கடலுக்குத் தெரியாது தம்பி. நல்லா குனிஞ்சு எடு, படகுல படாம."

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான், அதுவும் பொறியியல் பட்டம். அந்தப் பெருமை முழுதும் அன்று மீனுக்குத் தீனியாயிற்று.

அவரை எல்லோரும் 'நங்கூரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கரையிலிருந்து நான்கு கிலோமீட்டரில், அலையிலிருந்து மின்சாரம் எடுக்கும் இயந்திரத்தைச் சோதிக்கும் இடத்துக்கு அவர்தான் படகோட்டி. அங்கே கடலடியில் மின்வடம் கிடப்பதால் நங்கூரம் போடக் கூடாது. ஒன்பது வருடத்துக்கு முன் சேர்ந்த அன்றே பழக்கதோஷத்தில் இவர் போடப் போக, கூட வந்த முக்குளிப்பவர் பாய்ந்து தடுத்தாராம். போடாத நங்கூரம் பெயராக ஒட்டிக்கொண்டது.

முக்குளிப்பவர் இயந்திரத்தில் ஒட்டிய சிப்பிகளைச் சுரண்டும்வரை இன்ஜினை அணைக்காமல், சுக்கானைத் திருப்பித் திருப்பிப் படகை ஒரே இடத்தில் நிறுத்த வேண்டும். முக்குளிப்பவர் மேலே வந்து சாப்பிட்டுப் படுக்கும் முக்கால் மணி நேரமும் இவருக்கு அதே வேலைதான். வலது கை தோளுக்கு மேல் எழும்பாமல் போய்விட்டது. ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோது அவர் மனைவி தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கடலுக்கு வாக்கப்பட்டது நீங்களா, நானா? உழைப்பு அங்க, முனகல் மட்டும் இங்க."

"இன்னும் பதினாலு மாசம்டி. ஓய்வு பெறுற அன்னைக்குப் படகுலேருந்துதான் இறங்குவேன். கரையில உக்காரவெச்சா நான் செத்தேன்."

அலையின் உயரத்தையும் இயந்திரம் தரும் மின்சாரத்தையும் ஒப்பிடுவது என் வேலை. மூன்றாம் மாதம் ஒன்று கண்ணில் பட்டது. தினமும் பன்னிரண்டேகாலுக்கு அலை பாதியாகக் குறைகிறது, மின்சாரம் மட்டும் குறையவில்லை. மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை.

"மத்தியானத்துல நம்ம மெஷின் பேயா கறக்குதுய்யா! அறிக்கையில முதல் பக்கத்துல போடு."

கடலும் மணி பார்த்தா சாப்பிடப் போகும்? படகு போகாத ஞாயிற்றுக்கிழமைகளில் அலை குறையவேயில்லை. மறுநாள் நானும் படகில் ஏறினேன். பன்னிரண்டேகாலுக்கு அவர் கயிற்றை எடுத்து, பக்கத்தில் மிதந்த மஞ்சள் மிதவையில் சுற்றிவிட்டு, இன்ஜினை அணைத்துச் சாய்ந்தார். அது அலையை அளக்கும் மிதவை. தன்போக்கில் ஏறி இறங்க வேண்டியதைப் படகு பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, எத்தன நாளா இப்படி?"

"அது வந்த மூணு மாசமா. ஏன், அதுக்கு வலிக்குமா?"

கயிறு இழுப்பதால் மிதவை அலையைக் குறைத்துக் காட்டுகிறது, அதனால்தான் மெஷின் அதிகம் கறப்பதுபோலத் தெரிகிறது என்று விளக்கிச் சொன்னேன். எழுந்து கயிற்றை அவிழ்த்தார். இன்ஜினைப் போட்டு மறுபடி சுக்கானைப் பிடித்தார்.

"எழுதாம விட்டா என்ன ஆகும்?"

"நல்லா ஓடுதுன்னு நம்பி இதையே பெருசா கட்டுவாங்க."

"அது ஓடாது."

"ஓடாதுண்ணே."

"அப்ப எழுது. நான்தான் கட்டினேன்னு எழுது. அவரு தூங்கிட்டிருந்தாரு, அவர இழுக்காத." முக்குளிப்பவர் கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தார். "ஆனா கை வலியைப் பத்தி எழுதாத. படகு கட்ட அங்க ஒரு இடமில்லன்னு எழுது."

அவர் எழுதச் சொன்ன இரண்டையும் எழுதினேன். மேலாளர் படித்துவிட்டு, "இவ்வளவு நாள் எங்கய்யா இருந்தே?" என்று மட்டும் கேட்டார். அது பாராட்டா திட்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த வாரமே நங்கூரம் அண்ணனைப் படகிலிருந்து இறக்கிவிட்டார்கள். அதற்கடுத்த மாதம், மின்வடம் இல்லாத பக்கமாகப் பார்த்து, படகு கட்டுவதற்கென்றே ஒரு சிவப்பு மிதவை போட்டார்கள்.

புதுப் படகோட்டி தினமும் பன்னிரண்டேகாலுக்கு அதில் கயிற்றைக் கட்டிவிட்டுத் தூங்குகிறான். அண்ணன் கரையிலுள்ள சாமான் கிடங்கில் உப்புப் படிந்த கயிறுகளை அலசிக் காயப்போடுகிறார். உயரத்தில் கட்டிய கொடிக்கு வலது கை எட்டாததால் இடது கையால் போடுகிறார். ஓய்வுக்கு இன்னும் பதினோரு மாதம் இருக்கிறது.