சிஞ்ஞோராவின் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு பிடி சோறு

மூன்று வருடங்களுக்கு முன்பு, இத்தாலியின் பலேர்மோவில், ஓர் ஆடி அமாவாசையன்று நடந்தது இது. பொலிதேயாமா பக்கம் ஒரு வயதான இத்தாலிய அம்மா வீட்டில் எனக்கு வேலை; சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவேன். சமையல், துப்புரவு, அவருடைய புலம்பலைக் கேட்பது, எல்லாம் என் பொறுப்பு.

அன்று அப்பாவுக்கு விரதம் என்று அரைநாள் லீவு கேட்டேன். இறந்த தகப்பனுக்குப் படைத்து, காகத்துக்குச் சோறு வைத்த பிறகே சாப்பிடுவோம் என்று விளக்கினேன். லீவு என்றாலே முகம் சுளிப்பவர், அன்று கண் கலங்கிவிட்டார்.

அவருடைய கொள்ளுத்தாத்தா அந்தக் காலத்தில் மனைவி பிள்ளையை விட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர். பிறகு ஒரு சேதியும் இல்லை. அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று முடிவுகட்டி, தலைமுறை தலைமுறையாக அவரைத் திட்டித் தீர்த்தார்கள். இறந்தவர்களுக்கு மெழுகுதிரி ஏற்றும் நாளிலும் அவருக்கு மட்டும் கிடையாது. இப்போது சிஞ்ஞோராவின் மகள் கம்ப்யூட்டரில் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள். மனிதர் நியூ ஓர்லியன்ஸில் இறங்கிய மாதமே காய்ச்சலில் செத்துப்போயிருக்கிறார்.

அவருக்கும் சோறு வைப்பாயா என்று சிஞ்ஞோரா கேட்டார். முன்பின் தெரியாத வெள்ளைக்காரருக்கு எப்படிப் படைப்பது? மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"கூட்டிக்கொண்டு வாங்கோ. ஒரு பிடி சோறு கூட வைச்சால் மாமா கோவிக்கப் போறாரே?" என்றாள்.

அல்பெர்கேரியாவில் எங்கள் வீட்டு மாடிப்படியில் சிஞ்ஞோரா மூச்சு வாங்க ஏறினார். இந்த விரதத்துக்குச் சமைக்கிற காத்தோட்டிக்காய் கிடைக்காத ஊர்; பல்லரோச் சந்தையில் வாங்கிய பாகற்காய்தான் கறி. பல்கனிச் சுவரில் இரண்டு பிடி வைத்தோம். அப்பாவின் பங்கைப் புறாக்கள் உடனே தின்றுவிட்டன. மற்றதை ஒன்றும் தொடவில்லை.

கோபமாக இருக்கிறாரா என்று சிஞ்ஞோரா கேட்டார். எங்கள் நம்பிக்கையும் அதுதான். அவர் அந்தச் சோற்றுக்குப் பக்கத்திலேயே நின்று, தன் பாட்டிக்காகவும் தாய்க்காகவும் மன்னிப்புக் கேட்டு அழுதார். 

"இஞ்சையப்பா, மனுசியை உள்ளுக்கை கூப்பிடுங்கோ. ஆள் பக்கத்திலை நிண்டால் எந்தப் பறவை வரும்?" என்றாள் மனைவி.

உள்ளே வந்தோம். சற்று நேரத்தில் ஒரு பெரிய கடற்பறவை இறங்கி, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்றுவிட்டுப் போனது. பிறகு சிஞ்ஞோரா எங்களோடு உட்கார்ந்து, பாகற்காய்க் கசப்பைக்கூடக் குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

ஊரை விட்டுப் போய்ச் சேதியில்லாமல் இறந்தவர்களுக்காக அன்றிலிருந்து ஒவ்வோர் ஆடி அமாவாசையும் ஒரு பிடி கூடுதலாக வைக்கிறேன். மறந்துவிட்டான் என்று நாம் ஏசுகிறவர்களில் எத்தனை பேர், கடைசி மூச்சிலும் நம்மை நினைத்துக்கொண்டே போனார்களோ!