வெள்ளிக்கிழமையும் வேலை பார்த்த விளம்பரம்

மலேசியாவின் அலோர் ஸ்டாரில் அரசு அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறேன். அன்றைய கறி என்ன என்று இணையத்தில் விளம்பரம் போடுவேன். அதைப் பார்த்துத்தான் ஆர்டர் வரும். தினமும் காலையில் அதை ஓடவிடுவது சலித்துப்போய், தானாகவே ஓடும்படி அட்டவணை ஒன்றை அமைத்தேன். ‘வேலை நாட்கள்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்திவிட்டு நிம்மதியானேன்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பொட்டலங்கள் மிஞ்சின. அதென்ன ஞாயிறு? சாம்பாரில் குறையா? விளம்பரப் படம் சரியில்லையா? படத்தை மூன்று முறை மாற்றியும் பார்த்தேன்.

“ஞாயித்துக்கிழமை சமையலையே நிறுத்திடுவோமா?” என்று கணவர் கேட்டார். எனக்கோ காரணம் தெரியாமல் விட மனமில்லை. வழக்கமாக வாங்கும் கிளார்க் ராணி அக்காவிடமே கேட்டேன்.

“வெள்ளிக்கிழமை வீட்டுல சும்மா இருக்கும்போது உன் விளம்பரம் வருதுலா. ஞாயித்துக்கிழமை ஆபீஸ்ல பசியோட தேடினா காணோம். நீ லீவுன்னு நினைச்சு கேண்டீனுக்குப் போயிடுறோம்” என்றார்.

ஓடிப்போய் அட்டவணையைத் திறந்தேன். அந்தப் பொத்தானுக்கு வேலை நாள் என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை. நம் கெடா மாநிலத்தில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, வேலை ஞாயிறு முதல் வியாழன் வரை என்பது அதற்கு எப்படித் தெரியும்? பிறந்ததிலிருந்து இங்கேயே இருக்கும் எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்!

இப்போது அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை. ஒவ்வொரு நாளாகப் பார்த்து நானே குறியிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், கணவரின் கைப்பேசியில் விளம்பரம் வந்த பிறகுதான் அரிசி களைகிறேன்.