செருப்பைத் திருப்புவதா, மேசையைத் திருப்புவதா

அண்ணியோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த நெட்டையன் வேறு நாட்டுக்குக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று மாலையே, மூன்று வருட ஊர்சுற்றலை முடித்துக்கொண்டு, முதுகுப்பையோடு தங்கை நான் அண்ணன் வீட்டில் வந்து இறங்கினேன்.

அண்ணிக்குக் காந்தத்தோடுதான் பிழைப்பு. ஆள் உயரக் காந்தத்துக்குள் மருந்துப் படிகத்தை வைத்து, அது அனுப்பும் சமிக்ஞையிலிருந்து மூலக்கூறு எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பார். சாய்வைச் சொல்ல மூன்று கோணங்கள் போதும். நெட்டையன் விட்டுப்போன தாளில் 30, 50, 70 என்று இருந்தது. அதே படிகத்துக்கு அண்ணிக்குக் கிடைத்தது 110, 50, 150. வெள்ளிக்கிழமை இருவர் பெயரிலும் கட்டுரை போக வேண்டும். நெட்டையனோ மின்னஞ்சலுக்குப் பதிலே போடவில்லை.

அடுப்பு பற்றாவிட்டாலும் தன் கைமேலேயே சந்தேகப்படுகிறவர் அண்ணி. தன் இரண்டு வருட அளவீடு தவறு என்று ஆய்வுக்கூடத் தலைவருக்குக் கடிதம் பாதி எழுதிவிட்டார்.

வியாழன் காலை, சாப்பாட்டு மேசையில் அண்ணனின் செருப்பை வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தார்.

"ஒத்தைச் செருப்போட ஆபீஸ் போகவா?" என்றான் அண்ணன்.

"ஷூ போட்டுக்கிட்டுப் போங்க. மூலக்கூறு இப்போ வேலையா இருக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "அண்ணி, புது ஊர்ல வழி தேடும்போது நான் மேப்பைத்தான் திருப்புவேன். கூட வந்தவ மேப்பை அசைக்கவே மாட்டா, அவளே திரும்பி நிப்பா. தினமும் சண்டை."

அண்ணியின் கை நின்றது.

"நான் செருப்பைத் திருப்புறேன். அவன் மேசையைத் திருப்பியிருந்தா?"

மூலக்கூறைத் திருப்பாமல், கோணத்தை அளக்கும் அச்சுகளை, அதாவது மேசையைத் திருப்பினால் எல்லாம் தலைகீழ். மூன்று எண்களையும் கடைசியிலிருந்து எழுதி, முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் நூற்றெண்பதிலிருந்து கழிக்க வேண்டும். எழுபது நூற்றுப்பத்தானது. முப்பது நூற்றைம்பதானது. ஐம்பது அப்படியே நின்றது.

"இரண்டு பேருமே சரிடி," என்று சொல்லி, பாதிக் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். கட்டுரையில் யார் எதைத் திருப்பினார்கள் என்று ஒரு வரியும், கூடவே ஒரு படமும் சேர்த்து அனுப்பினார். ஆனாலும் நெட்டையன் வாயால் கேட்கும்வரை அவருக்கு முழு நிம்மதி இல்லை.

எட்டு மாதம் கழித்து, நான் மறுபடி ஏதோ ஒரு பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது, நெட்டையனின் செய்தியை அண்ணி எனக்கு அனுப்பிவைத்தார்:

"கட்டுரை பார்த்தேன். ஆமா, நான் அச்சைத்தான் திருப்பினேன், தாள்ல எழுத மறந்துட்டேன். படத்துல இருக்கிற செருப்பு உங்க வீட்டுக்காரரோடதா? ரொம்பத் தேஞ்சு போச்சு, புதுசு வாங்கிக் குடுங்க."