கழுத்தை விட்டு இறங்காத பேட்டா

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் என் கழுத்து இடப்பக்கம் திரும்ப மறுத்தது. பெங்களூரில் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தேன். என் உடம்பின் மேல் திடீர் அக்கறை கொண்ட மேலதிகாரி, மருத்துவக் குழுவின் முன் ஆஜராகச் சொன்னார். தகுதியில்லை என்று குழு சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த உத்தரவு எந்த வரியில் வருத்தம் தெரிவிக்கும் என்பதுகூட எனக்கு மனப்பாடம். பலருக்கு நானே வரைவு எழுதியிருக்கிறேன்.

"கூப்பிட்டா ஆளே திரும்புறீங்க, லாரி திரும்புற மாதிரி" என்றாள் மனைவி. ஜோகுபாளையத்தில் எங்கள் தெருமுனைப் பள்ளியில் காலையில் நடந்த யோகாசன வகுப்புக்கு என்னை விரட்டியவள் அவள்தான்.

நடத்தியவர் கன்னட வாத்தியார், என் வயதுக்காரர். தலைகீழாக நிற்கச் சொல்வார் என்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அவரோ உட்கார்ந்து, கண்ணை மூடி, கழுத்தைத் திருப்பச் சொன்னார்.

"வலி எங்க ஆரம்பிக்குது சார்?"

"கழுத்துல."

"அது வந்து சேர்ற எடம். ஆரம்பம் எங்கே? ஸ்வல்ப நிதானமா, மூச்சோட போய்ப் பாருங்க."

ஒரு விவகாரம் எந்த மேசையில் கிளம்பி எந்த மேசையில் தேங்குகிறது என்று கண்டுபிடிப்பதே என் பிழைப்பு. சொந்த உடம்பில் அதைத் தேடத் தோன்றியதே இல்லை. மறுநாளிலிருந்து வலியைவிட ஆர்வம்தான் என்னை எழுப்பியது. தோள்களை விசாரித்தேன், குற்றமற்றவை. தாடை கொஞ்சம் சந்தேகத்துக்குரியது. ஒரு காலை, கழுத்து அசையும் முன்பே புருவம் உயர்ந்து உச்சந்தலை இறுகியது. மடியிலிருந்த வலக்கை தானாகத் தலைக்குப் போனது.

"தலையில என்ன சார் இருக்கு?" என்று சிரித்தார் வாத்தியார்.

இருந்தது. மைசூர் சமஸ்தான உத்தியோகத்தில் இருந்த மாமனார் கொடுத்த, சரிகைக் கரை போட்ட பேட்டா. அவர் தலை பெரிது. அந்தத் தலைப்பாகைக்குள் செய்தித்தாளைத் திணித்து, அது நழுவாதபடி கழுத்தை அசைக்காமல் பல வருடம் ஆபீஸ் போனேன். குமாஸ்தாக்கள் பேட்டா அணியும் வழக்கம் போனதும் அலமாரியில் வைத்தேன். கழுத்துக்கு யாரும் தகவல் அனுப்பவில்லை.

மனைவியிடம் சொன்னேன். "ஆமா, இனி பழி போட எங்கப்பா தலைதான் பாக்கி" என்றாள்.

அதன்பின் தினமும் மனதுக்குள் பேட்டாவைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத்தான் கழுத்தைத் திருப்பினேன். அது கொஞ்சம் கொஞ்சமாக வழிவிட்டது.

மருத்துவக் குழுவின் முன் நின்றபோது டாக்டர் சொன்னார்: "லெஃப்ட். சீக்கிரம், மிஸ்டர்."

நான் அவசரப்படவில்லை. கழற்றினேன், மூச்சை விட்டேன், திரும்பினேன். வாசல் தெரிந்தது.

"ஃபிட். அடுத்த ஆளைக் கூப்பிடு" என்றார் டாக்டர், வாசலில் நின்ற பியூனிடம். தலையில் பேட்டா வைத்திருந்த பியூன், உடம்பு முழுவதையும் லாரி போலத் திருப்பினார்.

வெளியே வரும்போது அவரிடம் மெதுவாகச் சொன்னேன்: "கழுத்தை மட்டும் திருப்பிப் பாருங்களேன்."

"ஐயையோ, பேட்டா விழுந்துடும் சார்" என்றார் அவர், நேராகப் பார்த்தபடியே.