ஷேடு பார்த்து வாங்கிய நாய்த் தீனி

என் கணவருக்கு எதையும் சும்மா வாங்கத் தெரியாது. பனியன் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவர். நாள் முழுக்கக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு துணியில் ஓட்டையும் கறையும் தேடுகிற மனிதர், வீட்டுக்கு வந்ததும் அந்தக் கண்ணைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட மாட்டார். கத்திரிக்காயைக்கூட வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தவர் என்று இன்றைக்கும் நான் கேலி செய்வேன். அவர் அதை மறுத்ததும் இல்லை. இப்படிப்பட்டவரிடம் நாய்த் தீனி தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கொடுத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

எங்கள் நாய் ஜாதி நாய் இல்லை. அவருடைய கம்பெனியின் பின்புறம், கட்டிங் வேஸ்ட் கொட்டி வைத்த குவியலில், கலர் கலரான துணித் துண்டுகளுக்கு நடுவே பிறந்தது. தாய் லாரியில் அடிபட்டதும் இவர் குட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். எங்களுக்குப் பிள்ளைகள் கிடையாது. அதனால் அது இந்த வீட்டில் எப்படி வளர்ந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. நாங்கள் இருப்பது மாடியில், வாடகைக்கு. கீழே வீட்டுக்கார அம்மா குடியிருக்கிறார். நாய் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அது அந்தப் பக்கம் வந்தால் ஒதுங்கிப் போவார், அவ்வளவுதான்.

முதலில் தயிர்ச்சோறும் ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்கறியுமாக அதன் பாடு போய்க்கொண்டிருந்தது. இவருக்கு ஓவர்டைம், எனக்கு இன்னொரு கம்பெனியில் ஷிப்மெண்ட் வேலை. காலையில் வைத்துவிட்டுப் போன சோறு திருப்பூர் வெயிலில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். சாயந்திரம் வரும்போது நாய் பட்டினியாகப் படுத்திருக்கும், தட்டில் ஈ மொய்க்கும். இனிமேல் பாக்கெட்டில் வருகிற உலர்ந்த தீனிதான் என்று முடிவு செய்தோம்.

தாராபுரம் ரோட்டில், அவிநாசிபாளையம் போகிற வழியில், அதற்கென்றே ஒரு கடை இருக்கிறது. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பனியன் வேலைக்கு வந்து, அது பிடிக்காமல் கிளிக்கும் மீனுக்கும் நாய்க்கும் தீனி விற்க உட்கார்ந்துவிட்டவர். என் கணவர் அவரிடம் விலை கேட்கவில்லை. சாம்பிள் கேட்டார். கடையில் பிரித்து வைத்திருந்த ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு கைப்பிடி. கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"யக்கா, அவிய துணி பாக்க மாதிரில்லா பாக்காவ," என்றார்.

மறுநாள் காலை எங்கள் வீட்டு ஜன்னலோரம் தீனிக்கு இன்ஸ்பெக்‌ஷன் நடந்தது. வெள்ளைப் பனியன் துணியை விரித்து, அதன்மேல் சாம்பிள்களை வரிசையாகக் கொட்டினார். காபி ஆறிக்கொண்டிருந்தது. நாயும் பக்கத்தில் உட்கார்ந்து நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு பார்த்தது. ஒன்று மங்கலான பழுப்பு நிறம். அதிலேயே ஓர் உருண்டை கொஞ்சம் கறுப்பாகவும் இன்னொன்று வெளுப்பாகவும் இருந்தது. "ஷேடு வேரியேஷன்" என்று அதைத் தள்ளி வைத்தார். போதாக்குறைக்கு அதை எடுத்த இடத்தில் துணியில் எண்ணெய் ஊறியிருந்தது. எங்கள் ஊரில் எண்ணெய்க் கறை என்றால் பேச்சே கிடையாது, பீஸ் ரிஜெக்ட்தான். இன்னொன்றோ சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பளிச்சென்று இருந்தது. ஒவ்வொரு நிறமும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே சீர். ஈரத் துணியால் அழுத்தித் தேய்த்தார். துளி சாயம் ஒட்டவில்லை. அவர் முகத்தில் வந்த திருப்தியை நான் எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூடப் பார்த்ததில்லை. அன்றைக்கே அதில் ஒரு பெரிய மூட்டை வந்து இறங்கியது.

நாய் ஆசையாகத்தான் தின்றது. ஆனால் கொஞ்ச நாளிலேயே சொறிய ஆரம்பித்தது. சாப்பிடும்போது பாதியில் நிறுத்திச் சொறியும். தூக்கத்திலும் பின்னங்காலால் தரையில் தட் தட்டென்று அடித்துக்கொண்டு சொறியும். வயிற்றுப் பக்கம் சிவந்து, காதோரம் முடி கொட்டியது. வேப்பிலை அரைத்துப் பூசினேன், மஞ்சள் பூசினேன். முடி இன்னும் கொட்டியது. வீடு கூட்டினால் முறத்தில் குப்பையைவிட முடிதான் அதிகம் இருந்தது.

ஒருநாள் நான் வேலையிலிருந்து வரும்போது வீட்டுக்கார அம்மா கேட் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவருடைய மகள் பிரசவத்துக்கு வந்திருந்த சமயம். திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. எங்கள் பக்கத்தில் கசப்பான விஷயத்தை எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மிணி. பச்சக் கொழந்த வரப்போற ஊடுங்க. சொறி புடிச்ச நாய வெச்சுட்டு எப்பிடிங்க? எங்கியாவது கொண்டி உட்ருங்க."

அவர்மேல் கோபப்படவும் வழியில்லை, அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. என் கொழுந்தனுக்குக் கொமரலிங்கத்தில் தென்னந்தோப்பு இருக்கிறது. அவருக்குப் போன் செய்தோம். தோப்புக்கு ஒரு நாய் வேண்டியதுதான், பொங்கல் கழிந்ததும் வண்டி எடுத்துக்கொண்டு வந்து கூட்டிப்போகிறேன் என்றார். அதுவரை நாயை மாடியிலேயே கட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்கார அம்மாவும் ஒத்துக்கொண்டார். அவர்கள் பேசியதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் மெத்தைமேல் படுத்து வளர்ந்த நாய் பம்ப்செட் ரூம் பக்கத்தில் சங்கிலியில் கிடக்கப்போகிறது என்று நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. இவர் ஒரு குறையும் கண்டுபிடிக்காமல் என் குழம்பைச் சாப்பிட்டார் என்றால் அவர் மனசு எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தோப்புக்கு அனுப்புவதாக இருந்தாலும் நோயோடு அனுப்பக்கூடாது என்று மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே இருந்தவர் ஒரு பெண் டாக்டர். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பூச்சி இல்லை, இது ஒட்டுகிற சொறியும் இல்லை, பயப்படாதீர்கள் என்றார். அதைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. என்ன தீனி கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். நான் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் கொட்டினேன். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக ஜம்மென்று கிடந்தது.

எப்படித் தேர்ந்தெடுத்தோம் என்பதை என் கணவரே பெருமையாக விளக்கினார். சீரான ஷேடு, எண்ணெய்க் கறை இல்லை, தேய்த்தாலும் சாயம் போகாது. டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"துணிக்குச் சாயம் நிக்கோணும், சரிங்க. திங்கறதுக்குச் சாயம் எதுக்குங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நாய் வாசனை பிடித்துத்தான் சாப்பிடுகிறது, கலரெல்லாம் காசு கொடுத்து வாங்குகிற நம் கண்ணுக்காகப் போடுவது என்றார் டாக்டர். கறியும் கொழுப்பும் சேர்ந்த தீனி கையில் எண்ணெயாக ஒட்டத்தான் செய்யும், கறி ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி இருக்காது என்பதால் நிறமும் முன்னேபின்னே இருக்கும், அதெல்லாம் குறை இல்லை. இந்தப் பாக்கெட்டில் முதலில் எழுதியிருப்பது மக்காச்சோளம், அடுத்தது கோதுமை, கறி எங்கோ கடைசியில் இருக்கிறது பாருங்கள் என்று காட்டினார். இதில் எது இந்த நாய்க்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று இப்போதே சொல்ல முடியாது, மாற்றித்தான் பார்க்க வேண்டும். அரிப்புக்கு மருந்து எழுதிக் கொடுத்தார். புதுத் தீனியைப் பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள், நடுவில் பாலோ பிஸ்கட்டோ வேறு எதுவும் கூடாது என்றார். தினமும் டீக்கு நனைத்த பிஸ்கட்டில் பாதியை நாய்க்குக் கொடுக்கிற என் கணவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரும்பவும் அதே கடைக்குப் போனோம். இந்தத் தடவை அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், நான் பாக்கெட்டைப் பின்புறம் திருப்பிப் படித்தேன். முதல் வார்த்தை கறியா, தானியமா? எந்தக் கறி என்று எழுதியிருக்கிறதா, இல்லை பொத்தாம்பொதுவாகப் போட்டு மழுப்பியிருக்கிறதா? எப்போது தயாரித்தது, எதுவரை தாங்கும்? பிரித்து வைத்த மூட்டை வேண்டாம், சீல் உடையாத சின்னப் பாக்கெட்டே போதும் என்றேன். பிரித்த மூட்டையில் கொழுப்பு காற்றுப் பட்டுக் கெட்டுவிடும் என்று கடைக்காரரே ஒத்துக்கொண்டார். முன்பக்கத்தில் நாய் சிரிக்கிற படத்தையும் இலை படத்தையும் பார்த்து வாங்கியிருந்தால் கடையையே வாங்கியிருக்க வேண்டும். கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒத்து வந்தது எது என்று நினைக்கிறீர்கள்? எங்கள் ஜன்னலில் ரிஜெக்ட் ஆன அதே பழுப்பு நிறத் தீனிதான். கடைக்காரர் வாயைத் திறப்பதற்குள் இவர் காசைக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அதன்பிறகு காத்திருப்பதுதான் வேலை. ஒட்டுகிற சொறி இல்லை என்று கீழே போய்ச் சொல்லலாம்தான், ஆனால் முடி கொட்டிக் கிடக்கிற நாயைக் கண்ணால் பார்க்கிறவர் அதை எப்படி நம்புவார்? கார்த்திகை போய் மார்கழி பிறந்தது. நான் சமைத்துக்கொண்டிருந்தாலும் துணி மடித்துக்கொண்டிருந்தாலும் காது மட்டும் அந்தத் தட் தட்டென்ற சத்தத்திலேயே இருந்தது. சத்தம் ஒருநாள் குறையும், நான் சந்தோஷப்படுவேன், மறுநாள் திரும்ப ஆரம்பிக்கும். என் சாபமெல்லாம் அந்தக் கலர் உருண்டைகளுக்குத்தான். இவர் தினமும் காலையில் நாயை மல்லாக்கப் படுக்க வைத்து, போன் வெளிச்சத்தில் வயிற்றைச் சோதிப்பார். ஏற்றுமதிக்குப் போகிற சரக்கைக்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டார். ஒருநாள் அங்கிருந்தே, முளைக்குது, முளைக்குது என்று என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். சிவப்பு வடிந்துபோய், மொட்டையாக இருந்த இடத்தில் பூனை மயிராய்ப் புது முடி எட்டிப் பார்த்தது. நான் அடுப்பை அணைக்க மறந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பொங்கலுக்கு முன்பே கீழ்வீட்டில் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. இவர் கம்பெனியிலிருந்து நன்றாகத் துவைத்த மெல்லிய பனியன் துணியைக் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் ஊரில் குழந்தை பிறந்த வீட்டுக்கு அதுதான் சீர். வீட்டுக்கார அம்மா அந்தத் துணிகளைத் துவைத்து, எங்கள் கதவைத் தாண்டி மொட்டை மாடிக்குக் காயப்போடப் போவார். முதலில் எல்லாம் நாயைக் கண்டால் சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு வேகமாக ஏறுவார். பிறகு நின்று பார்த்துவிட்டுப் போக ஆரம்பித்தார். முடியெல்லாம் மூடி, வெயிலில் மினுமினுத்துக்கொண்டு கிடந்த நாயை அவர் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் நாய் இங்கேயே இருக்கட்டுமா என்று வாய்விட்டுக் கேட்கத் துணிச்சல் வரவில்லை. இல்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டால் அதற்கப்புறம் கேட்கவே முடியாதே. இவரும் கேட்கவில்லை. இப்படி இரண்டு பேரும் வாயைக் கட்டிக்கொண்டு இருந்ததில் பொங்கலும் கழிந்தது.

கொழுந்தன் சொன்ன சொல் தவறாதவர். மாட்டுப் பொங்கல் முடிந்த அந்த வாரமே சின்ன சரக்கு வண்டியில் எங்களுக்குத் தேங்காய் மூட்டையும் நாய்க்குப் புதுச் சங்கிலியுமாக வந்து நின்றார். நான் மீதித் தீனியை ஒரு பையில் போட்டேன். எந்தத் தீனி, எவ்வளவு, வேறு எதுவும் கொடுக்கக் கூடாது என்று அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். சரிங்க அண்ணி, சரிங்க அண்ணி என்று அவரும் தலையாட்டிக்கொண்டே இருந்தார். இவர் கீழே வரவே இல்லை. நாய்க்கு என்ன தெரியும்? ஊர் சுற்றப் போகிறோம் என்று நினைத்து, யாரும் சொல்லாமலே வண்டியில் தாவி ஏறி உட்கார்ந்துகொண்டது.

கொழுந்தன் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மா குழந்தையைத் தோளில் போட்டபடி வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார், நாயைப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, எங்கூட்டு நாய எங்கீங்க கூட்டிட்டுப் போறீங்க?"

கொழுந்தன் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நீங்கதானே அக்கா அன்னைக்குச் சொன்னீங்க என்று நான் ஆரம்பித்தேன்.

"அது மேலுக்கு முடியாதப்ப சொன்னதுங்க அம்மிணி. இப்பத்தான் நல்லாயிருச்சே, நாந்தான் தெனமும் பாக்கறனே," என்றார். பிறகு குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு வண்டி அருகே போய், அதுவரை ஒருநாளும் தொட்டிராத நாயின் தலையில் கை வைத்தார். "எறங்கு கண்ணு. ஊட்டுக்குப் போ."

மாடி ஜன்னலிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் செருப்புக்கூடப் போடாமல் படியில் தடதடவென்று இறங்கி வந்தார்.